நாற்பத்தொரு கத்திகளும் ஒரு புகைப்படமும்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். மணி ஒன்றரை. குழந்தை இப்போதுதான் தூங்கினாள். அவள் அப்பா அதற்கு வெகு நேரம் முன்பே தூங்கிவிட்டார். எல்லோரும் சௌக்கியம், நான் உட்பட, என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன். போனைத்தான் நீ எடுப்பதில்லையே, அதனால் காகிதம்.

பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு 'சமூக ஊடகங்களின் தாக்கம்' என்று கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். நன்மை மூன்று, தீமை மூன்று, எந்தப் பக்கமும் சாயக் கூடாது என்று பலகை நிறைய எழுதிப்போட்டேன். நாற்பத்தொரு நோட்டு வந்தது. நாற்பத்தொன்றின் முடிவுரையிலும் சமூக ஊடகம் ஒரு கத்தி. பழமும் நறுக்கலாமாம், விரலையும் நறுக்கலாமாம். கத்தியே கூடாது என்றேன், மறுநாள் அத்தனை பேரும் நெருப்பு வைத்துவிட்டார்கள். ஒருத்தி இரண்டு பக்கத்தையும் ஸ்கேல் வைத்து அளந்து, தீமை அரை அங்குலம் குறைகிறதென்று 'கழுத்தும் வலிக்கும்' என்று சேர்த்திருந்தாள். பொறுக்க முடியாமல், கேள்விப்பட்டதை விடுங்கள், நடந்ததை எழுதுங்கள் என்றேன். "நீங்களே ஒண்ணு சொல்லுங்க மிஸ்" என்றார்கள். என் வாய் சும்மா இருக்குமா? தெரிந்த ஒருத்தி என்று ஆரம்பித்து, அவள் பிரசவத்துக்கு மூன்று ராத்திரி கண்விழித்த அக்கா நாலாம் நாள் ஆஸ்பத்திரி நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்கியதையும், அதைப் படமெடுத்து 'எங்கள் இரவுக் காவலர்' என்று அவள் அன்பாகத்தான் போட்டாள் என்பதையும், முந்நூறு பேர் சிரித்ததையும், அக்காவின் ஆபீஸில் யாரோ அதைப் பிரின்ட் எடுத்து ஒட்டியதையும் கொட்டிவிட்டேன்.

"அந்த அக்கா என்ன சொன்னாங்க மிஸ்?"

"பேச்சை நிறுத்திட்டாங்க."

"நீங்க மன்னிப்பு கேக்கலையா?"

"நானா? அது எனக்குத் தெரிஞ்சவங்கன்னு சொன்னேனே!"

"சரி மிஸ், அந்தத் தெரிஞ்சவங்க கேக்கலையா?"

வகுப்பே சிரித்தது. நான் பலகையைத் துடைத்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி இரண்டே வரியில் கட்டுரை கொடுத்தாள். 'நன்மை: முந்நூறு பேர் சிரித்தார்கள். தீமை: ஒருவர் சிரிக்கவில்லை.' நீளம் போதாதுதான். முழு மதிப்பெண் போட்டுவிட்டேன்.

போன வாரம் குழந்தைக்கு ஜுரம். போர்த்தலாமா என்று போனில் தேடினேன். போர்த்தலாம் என்று பத்துப் பேர், கூடவே கூடாது என்று பத்துப் பேர். என்ன அருமையான சமநிலை! விடியும்வரை போர்த்துவதும் எடுப்பதுமாக இருந்தேன். நீயாக இருந்தால், "போர்வையை எடுடி, முட்டாள்" என்று ஒரே பேச்சில் முடித்திருப்பாய். பதினோரு மாதமாக என்னை யாரும் அப்படித் திட்டவில்லை அக்கா. எல்லோரும் மரியாதையாகப் பேசுகிறார்கள். தாங்க முடியவில்லை. குழந்தை நிற்கிறாள், இரண்டு அடி வைத்துத் தொப்பென்று உட்காருகிறாள். உடனே திரும்பி, யாரிடம் சொல்வதென்று நான் தேடுகிறேன். மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை, உன் மேல் துளி வருத்தமும் இல்லை.

அத்தானுக்கு என் வணக்கம். பெரியவனுக்கும் சின்னவளுக்கும் சித்தியின் முத்தங்கள், சண்டை போடாமல் பிரித்துக்கொள்ளட்டும்.

என்றும் உன்
தங்கை

பி.கு.: அன்பாகத்தான் போட்டேன் என்று மேலே எழுதியது பொய். எனக்கும் சிரிப்பு வந்தது, அதனால்தான் போட்டேன். படத்தை நீக்கச் சொல்லி நீ கேட்ட பிறகும், இன்னும் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று பார்ப்பதற்காக இரண்டு நாள் விட்டுவைத்தேன். வருத்தமில்லை என்பதும் பொய், நிறைய இருக்கிறது. இதை ஒன்பதாம் வகுப்பில் யாராவது எழுதியிருந்தால் பாதிக் கட்டுரை என்று திருப்பிக் கொடுத்திருப்பேன். உன் பக்கம் ஒரு வரிகூட இதில் இல்லை. அதை என்னால் எழுத முடியாது அக்கா. திட்டியாவது எழுது. சீக்கிரம் பதில் போடு.