ரெண்டு மண்டலம் லேகியம்

ஸ்ரீராம்புரம், பெங்களூர்
12.7.1999

அன்பு மச்சான் பாலகுமாருக்கு, பழனிச்சாமி வணக்கத்தோடு எழுதிக்கொண்டது. இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். அங்கே எல்லாரும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும்.

இதெல்லாம் நடக்கும் என்று முன்னாலேயே சொன்னவன் நான். உங்கள் மகள் கிருத்திகாவின் பிரசவத்துக்காக உங்கள் அக்கா ரத்தினம்மாள் குடியாத்தம் பஸ் ஏறியபோதே, "ஒன்றரை மாசத்துக்கு எதுக்கு ரெண்டு பெட்டி?" என்று கேட்டேன்.

அவள் திரும்பும்போது நான் பழைய ஆளாக நிற்க வேண்டும் என்று, சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கூடாரம் போட்டிருந்த வைத்தியரிடம் சிட்டுக்குருவி லேகியம் வாங்கினேன். முந்நூறு ராணி வைத்திருந்த மகாராஜாக்களெல்லாம் காலைக் காபிக்குப் பதில் இதைத்தான் சாப்பிட்டார்களாம். "சரியா ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள் சாமி. நடுவுல விட்டா பலன் போயிடும்" என்றார். நாற்பதாம் நாள் பஸ்ஸைப் பிடிக்க ஓடியவன் பஸ்ஸையே தாண்டிப் போய்விட்டேன், தெருவே சாட்சி. நாற்பத்தெட்டாம் நாள் சவரம் செய்து, அவளுக்குப் பிடித்த தார்வாட் பேடா கால் கிலோவோடு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். மூன்று குடியாத்தம் பஸ் வந்தது, அவள் வரவில்லை. பேடாவை நானே தின்றேன். எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினால், "குழந்தைக்குக் காது குத்திட்டு வரேங்க. பருப்புப் பொடி ரெண்டாவது டப்பால இருக்கு" என்று வைத்துவிட்டாள். நாற்பத்தெட்டு நாளுக்கு ஒரு பருப்புப் பொடி! சேர்த்த பலன் வீணாகிவிடுமே என்று அடுத்த மண்டலம் தொடங்கினேன்.

போன செவ்வாய், பால் பூத் வரிசையில் நெஞ்சு படபடவென்று அடித்து, கண் இருட்டி விழுந்தேன். பக்கத்து வீட்டு கிருஷ்ணப்பா ஆட்டோவில் அள்ளிப் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார். டாக்டர் யூனிஸ், நம் கிருத்திகா வயசுப் பெண். என்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று கேட்டதற்கு, "இடுப்பு வலிக்கு ஒரு மருந்தும்மா" என்று மெல்லச் சொன்னேன். கிருஷ்ணப்பா கிளினிக் முழுக்கக் கேட்கும்படி, "இல்ல டாக்டரம்மா, குருவி லேகியம்! அதுவும் பொண்டாட்டி ஊர்லயே இல்ல!" என்றார். ஊசியோடு வந்த நர்ஸ் அதைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "அங்கிள், இதுல குருவியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இங்கிலீஷ் மாத்திரையப் பொடி பண்ணிக் கலந்துடறாங்க. சிலதுல ஈயம், பாதரசம்கூட இருக்கும், கிட்னி போயிடும். நீங்க நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில மாத்திரை வைக்கிறவர். ரெண்டும் சேந்தா பிரஷர் இறங்கி ஆளே போயிடுவீங்க" என்றார். பிறகு, "தனியா இருக்கக் கூடாது, வீட்டம்மாவ உடனே வரச் சொல்லுங்க" என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே அக்காவை வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஏற்றிவிடவும். இங்கே கட்டிலில் அவள் பக்கத்துத் தலையணை உறை இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

புதுப் பேரனுக்கு நூறு வயசும் நல்ல பசியும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
பழனிச்சாமி

பி.கு.: மச்சான், அக்காவிடம் படித்துக் காட்டும்போது இதையும் விடாமல் படிக்கவும். டாக்டர் உங்கள் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. வரச் சொல்வது நான்தான்.