முதல் வளைவில் ஒரு வாளித் தண்ணீர்

பந்தயத் தளத்தின் முதல் வளைவில் எவனோ ஒருவன் குதிகாலால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தான். லுட்விக் டிராக்டரை அணைக்காமலே குதித்து இறங்கினார்.

மறுநாள் போட்டி. போலந்து, டென்மார்க், லாட்வியா, உக்ரைன் என நான்கு நாட்டு அணிகள். ஜெயிக்கிற ஒரே ஓர் அணிதான் உலகப் போட்டிக்குப் போகும். பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிளை மண்ணில் சறுக்கவிட்டே திருப்புகிற பந்தயம் இது. டயர் பிடிக்கிற மண் உள்பக்கமா, வெளிப்பக்கமா என்று தெரிந்தவன் பாதி ஜெயித்த மாதிரி. மண் இழுத்து, தண்ணீர் விட்டு, தளத்தைத் தயார் செய்கிற லுட்விக்குக்கு அது தெரியும். அதனாலேயே ஊர்க்காரர்கள் எல்லார் மேலும் அவருக்குச் சந்தேகம். வெளிநாட்டுக்காரர்கள் மேல் சந்தேகமே கிடையாது. திருடர்கள்தான் என்று நிச்சயம்.

"யாருய்யா நீ?"

"சும்மா பார்க்க வந்தேன், பெரியவரே. ஷூவுல சேறு ஒட்டிக்கிச்சு."

நல்ல போலிஷ் மொழிதான் பேசினான். ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்து மூடியிருந்தான். ஆனால் வாசலில் நின்ற காரில் டென்மார்க் நம்பர்.

"பசங்க எங்க அதிகமா விழுவாங்க?"

"விழுறவன் எங்க வேணாலும் விழுவான்."

"இந்த உள்பக்கமா கொஞ்சம் தண்ணி பட்டா கெடுதலா?"

லுட்விக்கின் மீசை துடித்தது. உளவு பார்க்க வந்தவன் இவ்வளவு பச்சையாகவா கேட்பான்! டயர் பிடிப்பது வெளிப்பக்கம். உள்பக்கத்தில் தண்ணீர் பட்டால் சோப்பு மாதிரி வழுக்கும்.

"உள்பக்கமா? டேங்கரையே கவுத்தாலும் ஒண்ணும் ஆகாது. பாறை மாதிரி கெட்டி மண்ணு."

அவன் சிரித்தான். "கடவுள் உங்களுக்குக் கைமாறு தரட்டும்."

நன்றி சொல்கிற எங்கள் ஊர்ப் பேச்சைக்கூடப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறான் பாவி என்று லுட்விக் பல்லைக் கடித்தார்.

சாயங்காலம் மனைவி பிரோன்கா பியெரோகிக் கொழுக்கட்டைத் தட்டை மேசையில் டொக்கென்று வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை காலையில சர்ச்சுல சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணணும். ஈஸ்டர் காலத்துக்குள்ள பண்ணணும்கிற கெடு முடியப்போவுது. இந்தத் தடவை முதுகுவலின்னு சொன்னே, நானே தூக்கிட்டுப் போய் போட்டுடுவேன்."

"போறேன்டி. பழைய சாமியாருக்கு நான் இருமினாலே ஆள் தெரிஞ்சிடும். புதுசா வந்தவருக்கு என் குரலும் தெரியாது, மூஞ்சியும் தெரியாது. பாதிப் பாவத்தை முழுங்கிட்டு வந்துடலாம்." பிறகு மீசையை முறுக்கினார். "இன்னிக்கு ஒரு டென்மார்க்காரனுக்கு நல்லா அல்வா குடுத்தேன். உள்பக்கம் கெட்டின்னு சொல்லிட்டேன்."

"அவன் என்ன பண்ணான்?"

"சிரிச்சான்."

"அப்ப தெரிஞ்சுபோச்சு. பொய் சொன்னா உனக்குக் காது செவக்கும். கல்யாணமான நாள்லேருந்து பார்க்கிறேனே."

லுட்விக் கடித்த பியெரோகியைத் தட்டிலேயே வைத்தார். பொய்யென்று தெரிந்தால், வெளிப்பக்கம்தான் பிடிக்கும் என்றும் அவனுக்குத் தெரிந்திருக்குமே!

விடிந்ததும் லுட்விக் நல்ல மண்ணையெல்லாம் வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கத்துக்கு இழுத்துப் போட்டார். நிமிர்ந்தால் எதிரே நம் அணியின் பயிற்சியாளர் டாரியுஷ்.

"பசங்க எல்லாருக்கும் வெளிப்பக்கமாவே போகச் சொல்லிட்டேன், லுட்விக். நீ நேத்து சொன்னபடியே."

"நானா? ஆமா. நான்தான்."

டாரியுஷ் தலை மறைந்ததும் மண்ணெல்லாம் மறுபடி வெளிப்பக்கத்துக்கு வந்தது. மண்ணுக்கே தலை சுற்றியிருக்கும். டீசல் போட்டுவிட்டு வருவதற்குள் இன்னொரு கூத்து. முதல் வளைவின் உள்பக்கத்தில் ஷூ தடம். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் கொட்டின ஈரம்.

"சதி!" என்று கத்தினார் லுட்விக். "டேய், நீ வாளின்னா நான் டேங்கர்டா! உங்க ஆளுங்க உள்பக்கமா வந்தா முங்கியே சாவணும்!"

டேங்கரைத் திறந்துவிட்டார். திறந்த வால்வை மறுபடி மூட முடியவில்லை. தண்ணீருக்கு உள்பக்கம், வெளிப்பக்கம், போலந்து, டென்மார்க் எதுவும் தெரியாது. தளம் முழுக்கக் கஞ்சி ஆயிற்று.

நடுவர் வந்தார். இடுப்பில் கை வைத்தார்.

"இது பந்தயத் தளமா, வாத்துக் குளமா? மதியத்துக்குள்ள சரியாகலைன்னா போட்டி ரத்து. அடுத்த வாரம் டென்மார்க்ல நடத்திக்குவோம்."

"அப்படி மட்டும் நடந்தா," என்றார் டாரியுஷ், "டிராக்டர் சாவியை என் கையில குடுத்துட்டுப் போயிக்கிட்டே இரு."

பெற்ற மகளைக் கட்டிக்கொடுத்தாலும் கொடுப்பார், அந்த டிராக்டரை லுட்விக் யாருக்கும் கொடுக்கமாட்டார். ஓடினார். மர அறுவை ஆலையில் கெஞ்சி மரத்தூள் மூட்டைகளை ஏற்றிவந்து கொட்டினார். உள்பக்கத்துக்குப் போதவில்லை, வெளிப்பக்கத்துக்கும் போதவில்லை. நடுவில் ஒரு பட்டை மட்டும் காய்ந்தது. நடுவர் முனகிக்கொண்டே பச்சைக்கொடி காட்டினார்.

முதல் ஓட்டத்திலேயே டென்மார்க்காரர்கள் உள்பக்கம் பாய்ந்து சேற்றில் உட்கார்ந்தார்கள். நம் பையன் வெளிப்பக்கம் போனவன் வழுக்கி நடுவுக்கு வந்து விழுந்தான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். விழவில்லை. மரத்தூளில் டயர் கவ்வியது. அம்பு மாதிரி போய்விட்டான். அதற்குப்பின் நம் ஆட்கள் நடுவை விடவேயில்லை. லாட்வியா, உக்ரைன் ஆட்களும் கண்டுபிடிப்பதற்குள் போட்டி முடிந்துவிட்டது. போலந்து ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் தகுதி!

டாரியுஷ் ஓடிவந்து லுட்விக்கின் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தார். "உள்ளேயும் இல்லாம வெளியேயும் இல்லாம நடுவுல! எவனுக்குய்யா தோணும் இது!"

"எல்லாம் ஒரு கணக்குதான்," என்றார் லுட்விக். காது செக்கச் செவேல் என்று இருந்தது.

கீல்பாசா சாஸேஜ் கடை ஹாலினாவிடம் பீரோடு நின்று கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். டென்மார்க் நம்பர் கார், கழுத்துவரை மூடிய ஜாக்கெட், உள்பக்கம் கெட்டி என்ற பொய், வாளித் தண்ணீர், எல்லாம்.

"அந்த உளவாளியை நம்ப வச்சேன் பாரு, அதுலதான் ஜெயிச்சோம்!"

ஹாலினா கடுகு தடவுவதை நிறுத்தினாள்.

"உளவாளியா? அட மடையா, அவரு நம்ம புதுச் சாமியாரு, டென்மார்க்ல நம்ம ஜனங்களுக்குப் பூசை வச்சிட்டு வந்தவரு. பசங்க விழக்கூடாதுன்னு காலையில தீர்த்தம் தெளிக்க வந்து வாளியோட வழுக்கி விழுந்துட்டாரு, 'பாறை மாதிரி கெட்டின்னு சொன்ன அந்தக் குரலை மட்டும் மறக்கமாட்டேன்'னு சொல்லிட்டு நொண்டிக்கிட்டே போறாரு!"