மணிக்கட்டுக்கு வந்த மரியாதை

“மணிக்கட்டு வலி உயிர் போகுது. இனிமே என்னால பாத்திரம் கழுவ முடியாது” என்று கணவர் அறிவித்தார்.

“சரிங்க” என்றாள் மனைவி.

அங்கேதான் அவருக்குச் சந்தேகம் தட்டியது. பதினாறு வருடத்தில் ஒரு ‘ஏன்’ இல்லாமல் அவள் வாயிலிருந்து ‘சரி’ வந்ததே கிடையாது.

வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்குக் கணினியில் அறிக்கை தட்டச்சு செய்வது அவர் பிழைப்பு. அடுத்த அறையில் தையல் மெஷின் மிதிப்பது அவள் பிழைப்பு. வலி பொய்யல்ல, கடுகளவு வலியை அவர் பூசணியாக்கியிருந்தார், அவ்வளவுதான்.

மறுநாள் இஞ்ச் டேப்போடு வந்து நின்றாள். அவர் கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போனது.

“முழங்கையை மடக்குங்க. ம்... நாற்காலி ரெண்டு இஞ்ச் ஏறணும். மணிக்கட்டு வளையாம நேரா இருக்கட்டும்.”

“இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும்?”

“இருபது வருஷமா கத்திரி பிடிக்கிறேன். எனக்கும் கைன்னு ஒண்ணு இருக்குங்க.”

நாற்காலிக்குப் புது மெத்தை வந்தது. அரை மணிக்கொரு தரம் மெஷின் நிற்கும், “கையை உதறுங்க!” என்று குரல் வரும். இவ்வளவு கரிசனமா? அவள் குளிக்கப் போன நேரம் மெத்தையைப் பிரித்தே பார்த்துவிட்டார். பஞ்சுதான் இருந்தது.

ஒரு வாரம் போனது.

“வலி எப்படி?”

“துளி குறையல” என்றார் அவசரமாக.

“எங்க வலிக்குது?”

“மணிக்கட்டுல ஆரம்பிச்சு இப்ப இங்க வந்து நிக்குது” என்று வலது ஆட்காட்டி விரலை நீட்டினார்.

“இடது கை?”

“அதுக்கென்ன, ஜம்முனு இருக்கு.”

“ரெண்டு கையாலதானே தட்டுறீங்க? இந்த ஒரு விரல் மட்டும் வலிக்கணும்னா, நாள் முழுக்க மௌஸை அமுக்கியிருக்கணும். அறிக்கைக்கு அவ்வளவு மௌஸ் எதுக்குங்க?”

அவர் கண் கணினிக்கு ஓடியது. திரையில் அறிக்கைக்குப் பின்னால் சீட்டாட்டம் பாதியில் நின்றது. வலி இருக்கிறதென்றால் மௌஸைப் பிடுங்கிவிடுவாள்; மௌஸ் போனால் ஆட்டமும் போச்சு. பாத்திரம் அரை மணி நேரம். சீட்டு நாள் முழுக்க. மனசுக்குள் தராசு சாய்ந்தது.

“அட! இப்பத்தான் கவனிக்கிறேன், வலியே இல்ல!” என்று கையைச் சுழற்றிக் காட்டினார்.

“நிஜமாவா?”

“சத்தியமா!”

“அப்ப பாத்திரம் தொட்டியில இருக்கு” என்றவள், மௌஸை ஒயரோடு உருவித் தையல் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள்.

“வலிதான் போயிடுச்சேம்மா!”

“அதனாலதாங்க. திரும்ப வந்துடக்கூடாது பாருங்க.”