பிரிக்கக் கூடாத டப்பா

வெள்ளிக்கிழமைக்குள் ஸ்பான்சர் கிடைக்காவிட்டால் தீபாவளி நிகழ்ச்சியும் இல்லை, தினகரனுக்கு வேலையும் இல்லை. காஞ்சிபுரம் உள்ளூர் சேனலின் முதலாளி ராமராஜன் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தினகரன் அன்றே கடை கடையாக ஏறி இறங்க ஆரம்பித்தான்.

புதன்கிழமை, பட்டுக்கடை குமாரசாமி வலையில் விழுந்தார். தினகரன் அப்படித்தான் நினைத்துக்கொண்டான்.

"ஸ்பான்சர் பண்றேன்பா. பதிலுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"உங்க கடைப் பேரை இருபது தடவை காட்டுவோம் சார்."

"பேரு ஊருக்கே தெரியும். உங்க சேனல் எங்கிட்ட இருபத்தஞ்சு பட்டுப்புடவை விலைக்கு எடுத்துக்கட்டும். டப்பாவ மட்டும் பிரிக்கக் கூடாது, மடிப்பு கலைஞ்சிடும்."

சேனலில் வேலை பார்க்கும் பெண்கள் மொத்தம் மூன்று பேர். "ஒத்துக்கோ. புடவைய வேற யார் தலையிலயாவது கட்டிடு," என்றார் ராமராஜன் போனில்.

தினகரன் வாலாஜாபாத்துக்கு பைக்கை விட்டான். அங்கே ரைஸ்மில் நடத்தும் வர்த்தமானனிடம், "மில்லு பொம்பளைங்களுக்குத் தீபாவளிக்குப் பட்டு வாங்கிக் குடுங்க சார். உங்களுக்கு விளம்பரம் ஃப்ரீ," என்றான்.

அவர் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "நாங்க ஜைனருங்கப்பா! ஒரு புடவைக்கு எத்தினி ஆயிரம் புழுவ உயிரோட வேக வெக்கிறாங்க, தெரியுமா? எங்க வீட்டுக் கல்யாணத்துலயே பட்டு கிடையாது."

தினகரனின் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து அவருக்கே மனசு கேட்கவில்லை.

"சரி, ஐம்பது மூட்டை அரிசிக்கு ஆள் புடிச்சிக் குடு. நானும் ஸ்பான்சர் பண்றேன்."

அங்கிருந்தே குமாரசாமிக்குப் போன் போட்டான். "தறிக்காரங்களுக்கு போனசோட அரிசியும் குடுங்க சார்!"

"தாராளமா. அப்போ நீங்க ஐம்பது புடவையா எடுத்துக்குங்க."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிக்கொண்டிருந்தது. ஆனாலும் இரண்டு ஸ்பான்சர் ஆயிற்றே என்று ஒத்துக்கொண்டான்.

"அரிசி யாருக்குப் போவுது?" என்றார் வர்த்தமானன். பொய் சொல்ல வராத தினகரன் உள்ளதைச் சொன்னான்.

"எங்க அரிசி பட்டுக்குக் கைமாறினா பாவம் எனக்கும்தாம்பா. ஸ்பான்சரும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

குமாரசாமியோ அசைந்து கொடுக்கவில்லை. "அரிசி வரலன்னா போவுது. ஐம்பது புடவை பேசினது பேசினதுதான். எடுக்கலன்னா ஸ்பான்சர் இல்ல."

வெள்ளிக்கிழமை காலை, பட்டுக்கடையின் பின்கட்டில் ஐம்பது டப்பாக்களுக்கு நடுவே தினகரன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். டப்பாக்களுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த பெரியநாயகி என்ன விஷயம் என்று கேட்டாள். ஜைனர் சொன்ன புழுப் பாவம் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொல்லி மூக்கை உறிஞ்சினான்.

அவள் முதலாளியின் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இதுக்கா இம்மாம் கவலை? தைரியமா அந்த மில்லுக்காரருக்கே குடு தம்பி. எட்டு வருசமா இந்த டப்பாங்கள நாந்தான் கட்டிக்கினு இருக்கேன். விளம்பரத்துக்குப் பதிலாப் போற டப்பாவுக்கு இதுவரைக்கும் ஒரு புழு கூட செத்தது இல்ல!"