பன்ஷீயின் சீப்பு

சகுனம் அண்ணன் சொன்னதெல்லாம் பலித்திருந்தால் வளைகுடாவின் முசஃபாவில் இன்று ஓர் ஆள்கூட உயிரோடு இருக்கமாட்டான். இதை எழுத நானும் இருக்கமாட்டேன்.

தொழிலாளர் கேம்ப் ரூமில் எனக்குக் கீழ்க்கட்டில் அவருடையது. மன்னார்குடிப் பக்கத்து வெல்டர். பளபளவென்று முழு வழுக்கை. நாய் ஊளையிட்டால், காக்கா தலையில் தட்டினால், டீயில் ஈ விழுந்தால், "யாரோ போகப்போறாங்கடா" என்பார். ஏசி உறுமினால்கூட எமனுடைய எருமைதான்.

போதாக்குறைக்கு சைட்டுக்கு அயர்லாந்துக்காரர் ஒருவர் சேஃப்டி ஆபீசராக வந்து சேர்ந்தார். அவர் ஊரில் பன்ஷீ என்று ஒரு பெண் ஆவியாம். பழைய குடும்பங்களில் சாவு விழும் முன்னே வாசலுக்கு வந்து, விரித்த தலையை வாரிக்கொண்டே ஓலமிட்டு அழுவாளாம். வழியில் கிடக்கும் சீப்பை அங்கே யாரும் தொடமாட்டார்களாம். அவளுடையதாக இருந்தால், எடுத்தவரைத் தேடி வந்துவிடுவாளாம்.

"பாத்தியாடா, அவங்களுக்கு முன்கூட்டியே அழுவ ஆள் வருது. நமக்கு டூட்டி நேரத்துல அடிக்கிற ஊரு போன்தான்" என்றார் அண்ணன். அன்றிலிருந்து தரையில் விழுந்த சீப்பைக் குறடால்தான் எடுப்பார்.

அப்போதுதான் ஊரில் அம்மாவுக்கு இதய ஆபரேஷன். எனக்கு லீவு கிடைக்கவில்லை. அன்று வார விடுமுறை. போனைப் பிடித்துக்கொண்டு ரூமிலேயே உட்கார்ந்திருந்தேன். பட்டப்பகலில் வெளியே ஒரு நாய் ஊளையிட்டது. ரூமே அண்ணனைப் பார்த்தது.

"என்னடா பாக்குறீங்க? பசியில கத்துது" என்று தன் மதியச் சாப்பாட்டு குப்பூஸ் ரொட்டியை எடுத்துப் போய் அதன் வாயை அடைத்தார். திரும்பும்போது பாத்ரூம் வாசலில் ஒரு சீப்பு கிடந்தது. அவர் குறடைத் தேடவில்லை. வெறுங்கையால் எடுத்தார்.

"அண்ணே, பன்ஷீ!" என்று கத்தினேன்.

"வரட்டும்டா. எடுத்தவனைத் தேடித்தானே வருவா? இங்க வந்துட்டா, ஆஸ்பத்திரிப் பக்கம் எப்படிடா போவா?"

சொல்லிவிட்டு, அந்த வழுக்கைத் தலையை வாரத் தொடங்கினார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன எனக்கு.

போன் அடித்தது. தங்கச்சி. "அம்மா கண்ணு முழிச்சிட்டாங்கண்ணே."

"நிறுத்துங்கண்ணே, போதும்" என்றேன்.

"அம்மா வீட்டுக்கு வரட்டும்டா" என்று வாரிக்கொண்டே இருந்தார்.

அம்மா இன்று நன்றாக இருக்கிறார். அண்ணன் அஜ்மானுக்கு மாறிவிட்டார். அந்தச் சீப்பு இன்னும் அவர் சட்டைப்பையில்தான். லீவு நாளானால் நானே கூப்பிடுகிறேன். அவர் போனை எடுத்து "சொல்லுடா" என்கிறவரை எனக்கு மூச்சு வருவதில்லை.