மூன்று இறக்கை உபயம்

ஜெலாப்பாங்,
செவ்வாய்க்கிழமை.

பாரிட் புந்தாரில் குடும்பத்தோடு வாழும் அன்பு மச்சான் சீனிக்கு, அத்தான் பத்துமலை எழுதுவது. உன் சர்க்கரையும் புஷ்பலதாவின் முழங்கால் வலியும் கட்டுக்குள் இருக்க அம்மனை வேண்டுகிறேன். நான் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் நலமில்லை.

சமூகநல இலாகா முதியோருக்கு மாதம் ஐந்நூறு வெள்ளி உதவிப்பணம் தருகிறது அல்லவா, அதைப் பதினான்கு மாதமாக வாங்கி வருகிறேன். விண்ணப்பப் பாரத்தில் பிள்ளை உதவி உண்டா என்று கேட்டிருந்தார்கள். தர்மா சிங்கப்பூரிலிருந்து மாதம் எழுநூறு அனுப்புகிறான்தான், ஆனால் அது உதவியா, மகனுடைய கடமை, ஆகவே இல்லை என்று எழுதினேன். வேலை உண்டா என்றும் கேட்டார்கள். தொழிற்சாலை வாசலில் காவலுக்கு ஜாகாவாக உட்கார்ந்திருப்பதை வேலை என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. இதில் என்ன மோசடி, நீயே சொல்.

உன் அக்கா நல்லம்மாளின் முதல் திதிக்குத் தோட்டத்துக் கோயிலுக்கு ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தேன், உனக்குத் தெரியும். அறுநூற்று நாற்பது வெள்ளி. ஓர் இறக்கையில் 'உபயம்', அடுத்ததில் என் பெயர், மூன்றாவதில் அவள் பெயர், எல்லாம் சிவப்புப் பெயிண்டில். ஆனால் கோயில்காரர்கள் அதை நிறுத்துவதே இல்லை மச்சான், சுற்றுகிற விசிறியில் பெயரை எவன் படிப்பான்? இரண்டு வாரத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, முன்பின் பார்த்திராத ஒரு பெண் அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தாள். நானே போய் சுவிட்சை அணைத்தேன்.

"அங்கிள், போடுங்கலா, வேர்க்குது" என்றாள்.

"மேல பாரும்மா, யாரு பேருன்னு" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். விலையைச் சொன்னேன், தர்மா அனுப்புவதைச் சொன்னேன், ஜாகா சம்பளத்தைக்கூட இருநூறு கூட்டிச் சொன்னேன். நேற்றுத் திங்கட்கிழமை வரச்சொல்லி இலாகாவிலிருந்து கடிதம் வந்திருந்தது, போனால் மேசைக்கு அந்தப்பக்கம் அதே பெண். பெயர் பிரமிளாவாம். ஏழாயிரம் வெள்ளி திருப்பிக் கட்ட வேண்டுமாம்! கோயிலில் சொன்னதெல்லாம் சும்மா பீற்றல், விசிறியே என் மச்சானுடைய உபயம் என்று சொல்லிவிட்டேன்.

"சரி அங்கிள், அப்ப அந்த மச்சானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். ஏழு நாள் டைம்" என்றாள்.

ஆகவே, விசிறி நீ வாங்கியது என்று எழுதிய தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். கீழே கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. ஏழாயிரத்துக்கு நான் எங்கே போவேன் மச்சான்? உன்னைத்தான் மலைபோல நம்பியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், புஷ்பலதாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
ஏழை அத்தான்,
பத்துமலை.

பி.கு (வெள்ளிக்கிழமை): கையெழுத்துப் போடாதே. இதை அன்றே தபாலில் போடப் போகும் வழியில் கோயிலுக்குள் எட்டிப் பார்த்தேன். விசிறி சீனி கொடுத்ததா என்று பிரமிளா விசாரித்தாளாம், கோயில் தலைவர் தனேஸ்வரன் ஏணி போட்டு, பெயிண்டை அழிக்கத் தின்னரும் துணியுமாக மேலே நிற்கிறார். "கொடுத்தவரு பேருதான் இருக்கணும் அண்ணே, சீனின்னு மாத்தி எழுதிர்றேன்" என்கிறார். முதலில் நல்லம்மாள் இறக்கையில்தான் துணியை வைத்தார். விசிறி இல்லாத காலத்தில் அந்தத் தூணோரம் புழுக்கத்தில் முந்தானையால் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள் அவள். என்னால் தாங்க முடியவில்லை மச்சான். ஏணியைப் பிடித்து ஆட்டி அவரை இறக்கிவிட்டு, நேரே இலாகாவுக்குப் போய் எல்லாம் உண்மைதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மாதம் நூற்றைம்பது, எனக்கு எழுபத்திரண்டு வயதாகும்வரை கட்ட வேண்டும். தனேஸ்வரனிடம் பேசி விசிறியை இப்போது ஒன்றாம் நம்பரில் மெதுவாக ஓட வைத்திருக்கிறேன். காற்றே வருவதில்லை என்று எல்லாரும் திட்டுகிறார்கள். ஆனால் உன் அக்கா பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கலாம்.