எல்லாத்தையும் போடுங்க

செயலாளர் வீட்டுக்குள் நுழைந்ததும் மேலே பார்த்தார். மின்விசிறி நின்றிருந்தது.

"ஏன் ஃபேன் ஓடல?"

"நீங்கதான அணைக்கச் சொன்னீங்க," என்றாள் மனைவி.

"இன்னைக்குப் போடணும்."

"ஆளில்லாத ரூம்ல ஃபேன் ஓடினா பூமி சூடாயிரும்னு மைக் புடிச்சுப் பேசினது யாரு?"

"அது போன வாரம்."

ஆற்றங்கரை ஊர்கள் ஏழும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருந்தன, ஊருக்கு ஒரு செயலாளர். மின்சாரத்தைக் குறைப்பது, குப்பையைக் குறைப்பது, புகையைக் குறைப்பது என்று அதற்குக் குறைக்கிற வேலையே அதிகம். இந்த ஆண்டு ஏழு ஊரும் சேர்ந்து சோலார் தகடுகள் வாங்கின. ஒரு தெருவுக்குத்தான் காணும். அதனால் போட்டி வைத்தார்கள். ஊருக்கு ஒரு தெரு. தெருமுனை டிரான்ஸ்பார்மரில் ஒரு மீட்டர். இன்று பத்து மணியிலிருந்து பதினொன்று வரை முன்கணக்கு. அடுத்த வாரம் அதே நேரம் பின்கணக்கு. எங்கே அதிகம் குறைகிறதோ அங்கே தகடு.

செயலாளருக்குத் தகடு கட்டாயம் வேண்டும். தெருவின் தண்ணீர் மோட்டார் ஓட வேண்டிய நேரம் பார்த்துத்தான் கரண்ட் போகும். மனைவி தினமும் அடிகுழாயிலிருந்து மூன்று மாடிக்குக் குடம் தூக்கினாள். தகடு வராவிட்டால் இனி தூக்குவது அவர்தான் என்று வீட்டில் தீர்ப்பாகியிருந்தது. மேல்முறையீடு கிடையாது. அவருக்கு முழங்கால் வலி.

அடுத்த வாரம் குறைய வேண்டுமென்றால் இன்று ஏற வேண்டும். ஆனால் ஒரு மாதமாக அவர் தொண்டை கிழியப் பேசியதில் தெரு முழுக்கத் திருந்திவிட்டது. குறைப்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

"அப்ப இது திருட்டுத்தனம்," என்றாள் மனைவி.

"உத்தி."

அவள் மூலையிலிருந்த குடத்தைப் பார்த்தாள். எழுந்து போய் ஃபேனைப் போட்டாள்.

செயலாளர் வீடு வீடாக ஏறி இறங்கினார்.

"ஹீட்டரா?" என்றார் ஓய்வுபெற்ற வாத்தியார். "வித்துட்டேன் சார். உங்க பேச்சைக் கேட்டதுலேருந்து பச்சத்தண்ணிதான்." தும்மினார். "உடம்புக்கு நல்லதுன்னும் சொன்னீங்க."

எதிர்வீட்டு அம்மா வாசலிலேயே மடக்கினார்.

"கிரைண்டரைப் பரண்ல ஏத்தச் சொன்னீங்க, ஏத்தினோம். இப்ப இறக்கச் சொல்றீங்க. ஏதாவது ஒரு பேச்சுல நில்லுங்க."

"ஒரு மணி நேரம்மா. சும்மா ஓட்டினாப் போதும்."

"சும்மா ஓட்டினா கல்லு தேஞ்சிரும்."

"எதையாவது போட்டு ஓட்டுங்க."

"உங்க வீட்டு அரிசியக் கொண்டாங்க, ஓட்டுறேன்."

செயலாளர் வீட்டு அரிசி தெருவைத் தாண்டிப் போனது.

தெருமுனை வெல்டருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"ஏத்தணும். அவ்வளவுதான?"

"அவ்வளவுதான்."

"என் மச்சானோட மெஷினையும் இழுத்துட்டு வரேன். நிம்மதியாப் போங்க."

வெல்டர் இறங்கியதும் தெருவுக்கே ஆசை வந்துவிட்டது. ஒரு மாதம் பட்டினி கிடந்தவர்கள் பந்தியில் உட்கார்ந்த மாதிரி ஆளாளுக்கு இறங்கினார்கள். இஸ்திரிப் பெட்டிகள் வெளியே வந்தன. ஃப்ரிட்ஜ்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. வாத்தியார் சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு ஹீட்டரை இரவல் வாங்கி வந்து வாளிக்குள் தொங்கவிட்டார்.

பத்துக்குச் சற்று முன் வெல்டர் கேட்டார், "சார், ஒரு தடவை ஒத்திகை பாத்துரலாமா?"

செயலாளர் நடுத்தெருவில் நின்று கையைத் தூக்கினார்.

"எல்லாத்தையும் போடுங்க."

போட்டார்கள். தெரு இரைந்தது. வெல்டரும் மச்சானும் முகமூடியை இறக்கிக்கொண்டு ஆளுக்கொரு இரும்புக் கட்டிலைத் தொட்டார்கள். டிரான்ஸ்பார்மர் ஒரு ஏப்பம் விட்டது. பிறகு வெடித்தது.

அதன் பின் வந்த அமைதியில் வாத்தியார் தும்முவது தெருமுனை வரை கேட்டது.

லைன்மேன் வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"சாயங்காலம் ஆயிரும்."

"கொஞ்சம் சீக்கிரம் பாருங்க தம்பி. பதினொன்னுக்குள்ள மீட்டர் ஓடணும்."

"சார், அது செத்துப்போச்சு."

"முன்கணக்கு பூஜ்யமாயிருமே. பூஜ்யத்துலேருந்து நான் எதைக் குறைக்கிறது?"

லைன்மேனுக்கே பாவமாக இருந்தது. "பக்கத்து ஊர் லைன்லேருந்து தற்காலிகமா இழுக்கலாம். அவங்க செயலாளர் சரின்னு சொல்லணும்."

பக்கத்து ஊர்ச் செயலாளர் உடனே போனை எடுத்தார். ஆனால் பேச்சு காதில் விழவில்லை. பின்னால் மாவு மில்லும் மரமில்லும் ஒன்றாக ஓடுவது போல ஒரு சத்தம்.

"இன்னைக்கு மட்டும் கேக்காதீங்க அண்ணே. நாளைக்கு எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்குங்க."

"என்னங்க அங்க சத்தம்?"

"சத்தமா?" என்றார் அவர். போன் துண்டிக்கப்பட்டது.

"நாம ஏன் அடுத்தவன் கால்ல விழணும்?" என்றார் வெல்டர். "எங்கிட்ட ஜெனரேட்டர் இருக்கு."

அது டீசல் ஜெனரேட்டர். கயிற்றை இழுத்ததும் இருமிக்கொண்டே எழுந்து, தெருவைக் கறுப்பாக்கியது. மாடியில் காய்ந்த துணிகளின் சொந்தக்காரர்கள் செயலாளரின் பரம்பரையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

"இது மீட்டர்ல ஏறுமா?" என்று கேட்டார் செயலாளர்.

"கம்பியை மீட்டருக்கு முன்னாடி குடுத்தா ஏறும்."

"கம்பத்தைத் தொட்டீங்கன்னா கேஸ்தான்," என்றார் லைன்மேன்.

"அப்ப நிறுத்துப்பா."

"நிறுத்துற சுவிட்ச் போன வருஷமே உடைஞ்சிருச்சு சார். டீசல் தீந்தா தானா நிக்கும்."

அதற்குள் மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து கூட்டமைப்பின் பெண் அதிகாரி வந்து இறங்கினார். செயலாளர் கைக்குக் கிடைத்த துணியால் ஜெனரேட்டரை மூடினார். அது ஊர்வலத்துக்கு அடித்த பதாகை. 'புகையில்லா ஊர்' என்ற எழுத்துகளின் ஓரத்திலிருந்து புகை வந்தது.

அதிகாரி கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார்.

"மத்த ஆறு மீட்டரும் போன்லயே தெரியுது. உங்களோடது மட்டும் பேசவே மாட்டேங்குது. அதான் நேர்ல வந்தேன்."

கம்பத்தடியில் நின்று போனை மீட்டரோடு இணைத்தார். பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"பத்துலேருந்து பதினொன்னு வரைக்கும் ஒண்ணுமே ஓடலையே."

மனைவி மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். செயலாளர் அந்த மூன்று மாடியையும் கீழிருந்து மேல்வரை ஒருமுறை பார்த்தார். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது?

"வெடிச்சிருச்சு மேடம். நான்தான் எல்லாத்தையும் போடச் சொன்னேன். இன்னைக்கு ஏத்தி வச்சா அடுத்த வாரம் குறைச்சுக் காட்டலாம்னு. தெருவுல யார் மேலயும் தப்பில்ல. எங்க பேரை அடிச்சிருங்க."

ஜெனரேட்டர் கடைசியாக ஒருமுறை இருமிவிட்டு நின்றது.

"சொல்லிட்டு எடுத்தா எல்லா ஊரும் ஏத்தி வைக்கும்னு எங்களுக்குத் தெரியும் சார், அதான் முன்கணக்கைப் போன மாசமே சொல்லாம எடுத்துட்டோம்," என்றார் அதிகாரி. "இன்னைக்கு ஓடினதுதான் பின்கணக்கு, ஏழு ஊர்லயும் குறைச்சது நீங்க ஒருத்தர்தான்."